ஈசிஜி நார்மல்னு அனுப்பிட்டாங்களா? அக்கா சொல்றேன், கேளு

தங்கச்சி, எனக்கு முதல் தடவை வந்தது திருச்சியில, டவுன் பஸ்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறி ஸ்ரீரங்கம் போய்க்கிட்டு இருந்தேன். காவிரிப் பாலத்து மேல டிராஃபிக்ல பஸ் நின்னுச்சு. ஒரு காரணமும் இல்லாம நெஞ்சு தடதடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. மூச்சு முட்டுது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது, உள்ளங்கை வேர்க்குது, பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குற மாதிரி தெரியுறாங்க. செத்துடப் போறேன்னே நினைச்சேன். அப்போ எனக்கு 29 வயசு. வீட்டுல மூணு வயசுக் குழந்தை. பாலத்துலயே இறங்கி ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி எடுத்தாங்க, நார்மல். "கேஸ் ட்ரபுளா இருக்கும்மா"ன்னு ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் எட்டு மாசம் அலைஞ்சேன். எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபின்னு ஒவ்வொண்ணா எடுத்தோம். வீட்டுல இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணி, பெருங்காய மோர். அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சாங்க. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நார்மல்னு வர வர எனக்குப் பயம் கூடிக்கிட்டே போச்சு. கண்டுபிடிக்க முடியாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு மனசு அடிச்சுச் சொல்லுது.

கடைசியில எங்க தெருமுனையில கிளினிக் வச்சிருந்த ஒரு டாக்டரம்மா, ரிப்போர்ட் கட்டை மூடி ஓரமா வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இது மறுபடி வந்துடுமோன்னு பயந்து இந்த எட்டு மாசத்துல எதையெல்லாம் விட்டுட்டீங்க?"

விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சேன். பஸ்ஸை விட்டேன். தியேட்டரை விட்டேன். கோயில் கியூவை விட்டேன். காபியை விட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில நடு வரிசையில உட்கார்றதை விட்டேன். லிஃப்ட், பியூட்டி பார்லர் நாற்காலி, வீட்டுல தனியா இருக்குறது, கதவைத் தாழ் போட்டுக் குளிக்கிறது... சொல்லச் சொல்ல அழுகை வந்துடுச்சு. அந்த டாக்டரம்மா சொன்னாங்க: "இதுக்குப் பேர் பேனிக் டிஸார்டர். இதயத்துல கோளாறு இல்ல, நீங்க நடிக்கவும் இல்ல. மனநல டாக்டரைப் பாருங்க, இது சரியாகுற நோய்." உனக்கும் இதே மாதிரி நடந்திருந்தா, அந்த எட்டு மாசம் உனக்கு வீணாகக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

நெஞ்சை ஒருதரம் ஒழுங்காப் பார்த்துடு

இது எல்லாத்துக்கும் முன்னாடி. முதல் தடவை நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தா, "அக்கா பேனிக்னு எழுதியிருந்தாங்களே"ன்னு வீட்டுல உட்கார்ந்துடாதே. நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் கூடுற வலி, இடது கை, தாடை, முதுகுன்னு பரவுற வலி, குளிர்ந்து வேர்க்குறது, நினைவு தப்புறது இதெல்லாம் இருந்தா 108-க்குப் போன் பண்ணு. பொம்பளைங்களுக்கு மாரடைப்பு வந்தா நெஞ்சுவலியே பெருசா இல்லாம, மூச்சிரைப்பும் குமட்டலும் அசதியுமா வரலாம். சுகர் இருக்குறவங்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். அதனால முதல் தடவை தயங்காமப் போ.

ஈசிஜியோட ரத்தத்துல ஹீமோகுளோபின், சுகர், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்லு. தைராய்டு அதிகமா சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்போட தாளத்துல கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் போடுறியா, மூக்கடைப்புக்கு மாத்திரை போடுறியா, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லு.

இதெல்லாம் ஒரு தடவை ஒழுங்கா பார்த்தாச்சு, டாக்டர் இதயம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாருன்னா அங்க நிறுத்திடணும். மூணாவது எக்கோவுல புதுசா எதுவும் தெரியப்போறதில்ல. எனக்கு ஒவ்வொரு டெஸ்ட்டும் ரெண்டு நாள் நிம்மதி குடுத்துச்சு, மூணாம் நாள் பழைய பயம் திரும்பி வந்துச்சு. அந்தக் காசையும் நேரத்தையும் வைத்தியத்துக்குச் செலவு பண்ணியிருக்கலாமேன்னு இன்னைக்கும் மனசு வேகுது.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

இது தெரிஞ்சாலே பாதிப் பயம் அடங்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நாய் துரத்துனா உடம்பு என்ன பண்ணும்? அட்ரீனலினைக் கொட்டும். இதயம் வேகமா அடிச்சு காலுக்கு ரத்தம் அனுப்பும். மூச்சு வேகமாகும். வேர்க்கும். வயிறு பிசையும். இதெல்லாம் ஓடிப் பிழைக்கிறதுக்கு உடம்பு பண்ற ஏற்பாடு. பேனிக்ல நாய் இல்லாமலேயே இந்த மணி அடிச்சுடுது. அடுப்புல கடுகு தாளிச்ச புகைக்கே தீயணைப்பு மணி அடிக்கிற மாதிரி. மணி நிஜம், தீ இல்ல.

விரல் மரத்துப்போறதும் தலை சுத்துறதும் எதனாலன்னு கேட்டா, வேக வேகமா மூச்சு விடும்போது ரத்தத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி குறைஞ்சுடும். அப்போ மூளைக்குப் போற ரத்தக்குழாய்ங்க கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். வாயைச் சுத்தியும் விரல்லயும் ஊசி குத்தும், சில பேருக்கு கைவிரல் இழுத்துக்கிட்டு நிக்கும். காத்து பத்தலைன்னு தோணுற அந்த நேரத்துல நிஜத்துல நாம தேவைக்கு மேல மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். அதனாலதான் பக்கத்துல இருக்குறவங்க "நல்லா ஆழமா மூச்சு இழு, இழு"ன்னு சொன்னா இன்னும் மோசமாகுது.

மயக்கம் போட்டு விழுந்துடுவேன்னு பயப்படுறியா? மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்கணும். பேனிக்ல பெரும்பாலும் அது ஏறித்தான் இருக்கும். அதனால விழுந்துடுற மாதிரி இருக்குமே தவிர, நிஜமா விழுறது அபூர்வம். பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடும். அரை மணிக்குள்ள அநேகமா தானா இறங்கிடும். அட்ரீனலின் தீர்ந்துதானே ஆகணும்?

இது இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வந்த புது வியாதின்னு யாராவது சொன்னா நம்பாதே. 1871-லயே ஜேக்கப் டகோஸ்டான்னு ஒரு அமெரிக்க டாக்டர், உள்நாட்டுப் போருக்குப் போன சிப்பாய்ங்களைப் பத்தி எழுதியிருக்கார். நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், தலைசுத்தல்னு வந்த அவங்கள்ல பல பேருக்கு, தேடிப் பார்த்தும் இதயத்துல நோயில்ல. துப்பாக்கி பிடிச்ச ஆம்பளைங்க அவங்க. பேனிக் டிஸார்டர்னு தனி நோயா அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டுல வந்தது 1980-ல. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வருது, உண்மைதான். ஆனா தம்பிங்களும் இதைப் படிக்கணும். ஆம்பளைங்க பல பேர் வெளிய சொல்லாம, ராத்திரி குடிச்சு அடக்கப் பார்க்குறாங்க. காலையில போதை இறங்கும்போது படபடப்பு ரெட்டிப்பா வருது.

ஒரு தடவை வந்தா நோயா?

இல்லமா. பரீட்சை நேரத்துல, சாவு வீட்டுக்குப் போய் வந்த பிறகு, பிரசவத்துக்கு அப்புறம் தூக்கமே இல்லாத நாள்ல ஒரு தடவை வந்துட்டுப் போறது நிறைய பேருக்கு உண்டு. எதிர்பாராம திரும்பத் திரும்ப வந்து, அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கும் மேல "மறுபடி வந்துடுமோ"ன்னு அதே நினைப்பா இருந்து, இல்லேன்னா அதுக்குப் பயந்து நடை உடை பழக்கத்தையே மாத்திக்கிட்டா, அதைத்தான் டாக்டருங்க பேனிக் டிஸார்டர்னு சொல்றாங்க. அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி அதனாலதான் எனக்கு இன்னமும் பெருசாத் தெரியுது. அட்டாக் எனக்கு மாசத்துல ரெண்டோ மூணோதான். மிச்ச நாளெல்லாம் என்னைக் கட்டிப்போட்டது நான் விட்டுட்ட அந்தப் பட்டியல்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல அட்டாக்குன்னாலே ஹார்ட் அட்டாக்தான். வீட்டுல பெரியவங்ககிட்ட "பேனிக் அட்டாக் வந்துச்சு"ன்னு சொல்லி அவங்களையும் நடுங்க வைக்காதே. "திடீர்னு பதற்றம் ஏறி இறங்குற வியாதி, மருந்து இருக்கு"ன்னு சொல்லு. நான் அப்படித்தான் அம்மாவுக்குப் புரிய வச்சேன்.

வந்துட்டா அந்த நேரத்துல

இருக்குற இடத்துலயே இரு. பஸ்ல இருந்து இறங்கி ஓடாதே. ஓடினா, ஓடினதாலதான் பிழைச்சோம்னு மூளை கணக்குப் போட்டுக்கும், அடுத்த தடவை பஸ்ஸைப் பார்த்ததுமே மணி அடிக்கும். பாலத்துல இறங்குன அன்னைக்கு எனக்கு நடந்தது அதுதான்.

உதட்டைக் குவிச்சு மெதுவா மூச்சை வெளிய விடு. நாலு எண்ணி மூக்கால இழு, ஆறு எண்ணி வெளிய விடு. வயிறு எழும்பி இறங்கணும், தோள் எழும்பக் கூடாது. காகிதப் பையில மூச்சு விடுற பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தா அது ஆபத்து. மனசுக்குள்ள, "இது அதேதான். ஏறும், இறங்கும்"னு சொல்லிக்கோ. நாடி பிடிச்சுப் பார்க்காதே. கொரோனா சமயத்துல வாங்குன பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பீரோவுல பூட்டி வை. கைக்கடிகாரத்துல துடிப்பு எண் ஓடுதுன்னா அதை அணைச்சுடு. எண்ணைப் பார்க்கப் பார்க்க எண் ஏறும், நானே பார்த்திருக்கேன்.

இறங்கினதும் ஒரு நோட்டுல எழுதி வை. எங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், முந்தின ராத்திரி தூங்குனியா, காபி குடிச்சியா, அந்த நேரம் என்ன நடந்துடும்னு பயந்தே. மாதவிடாய் நாளையும் குறிச்சுக்கோ. டாக்டர்கிட்ட போகும்போது இந்த நோட்டும், நீ விட்டுட்ட விஷயங்களோட பட்டியலும் கையில இருந்தா, பத்து நிமிஷ ஓ.பி.-யிலயும் சொல்ல வேண்டியதைச் சொல்லிடலாம்.

யார்கிட்ட போறது

மனநல டாக்டர் எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு மனநலத்துல மேல்படிப்பு படிச்சவர். மருந்து எழுதுறது அவர். பேச்சு வழியா பயிற்சி குடுக்குறவங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்.சி.ஐ.-ல பதிவு பண்ணியிருக்காங்களான்னு கேளு. கேட்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. நாலு நாள் வகுப்புக்குப் போய்ட்டு கவுன்சலர்னு போர்டு மாட்டுறவங்களும் இருக்காங்க, பார்த்துப் போ.

காசு இல்லேன்னா தள்ளிப்போடாதே. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தா டாக்டரைப் பார்க்கலாம், மருந்தும் அங்கயே இலவசம். சென்னைன்னா கீழ்ப்பாக்கத்துல 1794-ல ஆரம்பிச்ச மனநலக் காப்பகம் இருக்கு. அந்தப் பேரைக் கேட்டதும் உனக்குள்ள ஒரு கூச்சம் வரும்னு தெரியும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அங்க ஓ.பி.-க்கு வர்றவங்க உன்னை மாதிரி, என்னை மாதிரி, டிபன் டப்பா எடுத்துக்கிட்டு பஸ் பிடிச்சு வர்றவங்கதான்.

முதல்ல யார்கிட்டயாவது பேசிப் பார்க்கணும்னா டெலி மானஸ் எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். வாழவே வேண்டாம்னு எண்ணம் வந்தா அந்த நிமிஷமே இதுக்குக் கூப்பிடு, பக்கத்துல இருக்குறவங்களை எழுப்பு. இன்ஷூரன்ஸ் வச்சிருந்தா, 2017 மனநலச் சட்டப்படி உடம்பு நோய்க்குக் குடுக்குற மாதிரியே மன நோய்க்கும் குடுக்கணும். பாலிசியில ஓ.பி. செலவு சேருமான்னு மட்டும் கேட்டுக்கோ.

மாத்திரையைப் பத்தி

ரொம்பப் பேர் பாதியில விடுறது இங்கதான், கவனமாக் கேளு.

இதுக்கு முதல்ல எழுதுறது பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை. எஸிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸிடின் எல்லாம் அந்த வகை. இது தலைவலி மாத்திரை மாதிரி போட்டதும் கேட்காது. ரெண்டு வாரம் முதல் நாலு வாரத்துல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய இன்னும் சில வாரம் ஆகலாம். முதல் வாரத்துல குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் வரலாம். படபடப்பே கொஞ்சம் கூடலாம். அதனாலதான் டாக்டருங்க சின்ன அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறாங்க. எனக்கு அஞ்சாவது நாள் ரொம்பப் பதற்றமாகி, "இந்த மாத்திரைதான் என்னைக் கெடுக்குது"ன்னு குப்பையில போட்டுட்டேன். முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். உனக்கு அப்படி ஆனா டாக்டருக்குப் போன் பண்ணு, அளவைக் குறைச்சுக் குடுப்பாங்க. 25 வயசுக்குள்ள இருக்குறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல மனசு ரொம்பக் கலங்குனா, தப்பான எண்ணம் வந்தா, அன்னைக்கே சொல்லணும். தாம்பத்திய ஆசை குறையுறதும் உண்டு. வெட்கப்பட்டு மறைச்சு மாத்திரையை நிறுத்துறதுக்குப் பதிலா டாக்டர்கிட்ட சொல்லிடு, மாத்த வழி இருக்கு.

இந்த வகை மாத்திரைக்கு அடிமையாகிட மாட்டே. ஆனா நல்லாயிட்டோம்னு திடீர்னு நிறுத்தினா தலை கிறுகிறுன்னு, எரிச்சலா இருக்கும், நோயும் திரும்பலாம். நல்லான பிறகும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் போட்டு, டாக்டர் சொல்றபடி படிப்படியா குறைக்கணும். கர்ப்பமா இருந்தாலோ, பால் குடுத்தாலோ, குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தாலோ முதல் நாளே சொல்லு. நீயா நிறுத்தாதே.

அல்பிரஸோலம், குளோனஸிபாம், லோரஸிபாம் இதெல்லாம் வேற ஜாதி. அரை மணியில அமைதியாக்கும், அதனாலயே ஆபத்து. ஆரம்ப வாரங்களுக்கு டாக்டர் கொஞ்ச நாள் எழுதலாம். மாசக் கணக்குல போட்டா உடம்பு அதைக் கேட்க ஆரம்பிச்சுடும், திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். "எங்க மச்சினிக்கு இதுதான் குடுத்தாங்க, நல்லாக் கேட்டுச்சு"ன்னு யாராவது ஒரு அட்டையை நீட்டினா வாங்காதே. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம குடுத்தாலும் வாங்காதே.

பட்டியலைத் திரும்பப் பிடிக்கிற வைத்தியம்

சி.பி.டி.ன்னு ஒரு பேச்சுப் பயிற்சி இருக்கு. இந்த நோய்க்கு மாத்திரைக்குச் சமமா நிக்கிற வைத்தியம் அது. வாரம் ஒரு தடவைன்னு பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டியிருக்கும். போய் அழுதுட்டு வர்ற இடம்னு நினைச்சுத்தான் போனேன். ரெண்டாவது வாரமே எனக்குப் பயிற்சி குடுத்த சைக்காலஜிஸ்ட் அம்மா என்னைச் சுழல் நாற்காலியில உட்கார வச்சு சுத்த விட்டாங்க. அடுத்து உறிஞ்சுகுழல் வழியா ஒரு நிமிஷம் மூச்சு விடச் சொன்னாங்க. மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாங்க. தலைசுத்தல், மூச்சுமுட்டல், படபடப்பு மூணையும் வேணும்னே வரவழைச்சு, அது வந்தா ஒண்ணும் ஆகலைன்னு உடம்புக்கே காட்டுறாங்க. புத்திக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது, அந்த நாற்காலியில ஏறுச்சு. இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ கர்ப்பமோ இருந்தா டாக்டரைக் கேட்காம வீட்டுல இதைப் பண்ணிப் பார்க்காதே.

அப்புறம் என் பட்டியலை எடுத்து, சுலபமானதுல இருந்து கஷ்டமானது வரைக்கும் வரிசைப்படுத்துனோம். முதல்ல அரை டம்ளர் காபி. அடுத்து பாத்ரூம் தாழ். அடுத்து பஸ்ல ஒரு ஸ்டாப், கூட வீட்டுக்காரர். அப்புறம் அதே ஒரு ஸ்டாப், தனியா. பயம் தானா இறங்குற வரைக்கும் அங்கயே இருக்கணும், அதுதான் ஒரே விதி. கைப்பையில நான் எப்பவும் வச்சிருந்த தண்ணி பாட்டிலையும், போடாமலே வச்சிருந்த மாத்திரை அட்டையையும் ஒரு நாள் வீட்டுலயே வச்சுட்டுப் போகச் சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு இருந்த பயம் பாலத்துல இருந்ததை விடப் பெருசு. போய்ட்டு வந்தேன்.

வீட்டுல இருக்குறவங்களுக்கு

இந்தப் பகுதியை அவங்ககிட்ட படிக்கக் குடு. "ஒண்ணுமில்ல, தைரியமா இரு"ன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கு அந்த நேரம் உயிரே போகுது. சுத்தி நின்னு விசிறி, சோடா வாங்கிக் குடுத்து, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல வேண்டாம். ஒருத்தர் மட்டும் பக்கத்துல உட்கார்ந்து, "நான் இருக்கேன். போன தடவை மாதிரி இறங்கிடும். என்கூட மெதுவா மூச்சு விடு"ன்னு சொன்னாப் போதும். அதே சமயம், எல்லாத்துக்கும் நீங்களே கூடப் போய்க்கிட்டே இருக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் பாசத்துல எட்டு மாசம் எனக்கு டிரைவராவே இருந்தார், அதுல என் உலகம் இன்னும் சுருங்கிப்போச்சு. கோயிலுக்கு வேண்டிக்கிறதும் கயிறு கட்டுறதும் உங்க நம்பிக்கை. செய்ங்க. டாக்டர்கிட்ட போற நாளை மட்டும் அதுக்காகத் தள்ளாதீங்க.

மாத்திரையை முழுசா நிறுத்தி ரெண்டு வருஷம் கழிச்சு, சித்தி பையன் கல்யாணத்துல எனக்கு மறுபடி ஒண்ணு வந்துச்சு. பந்தியில, நடு வரிசையில, இலையில சாம்பார் ஊத்தும்போது. ரெண்டு பக்கமும் ஆள், எழுந்திருக்க வழியில்ல. எழுந்திருக்கவும் இல்ல. உதட்டைக் குவிச்சு மூச்சை விட்டுக்கிட்டு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். ரசம் வர்றதுக்குள்ள இறங்கிடுச்சு, பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். மறுநாள் காலையில டாக்டருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "ஒண்ணுக்கெல்லாம் மாத்திரை வேண்டாம், நோட்டுல குறிச்சுக்கோங்க, அடிக்கடி வந்தா வாங்க"ன்னாங்க. குறிச்சு வச்சேன். சாயங்காலம் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்ட்டு வந்தேன்.